கார் சாவியில் பேட்டரி மாற்றினால் கோடிங் போய்விடுமா?

கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புஷ் ஸ்டார்ட் வைத்த கார், வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு வாரமாக மீட்டரில் 'சாவி பேட்டரி குறைவு' என்ற எச்சரிக்கை வந்து வந்து போகிறது. சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், "வெளியில மாத்தாதீங்க சார், கோடிங் அழிஞ்சிரும், வண்டியைக் கொண்டுவந்து விடுங்க" என்கிறார்களாம். வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு கொடைக்கானல் பயணம் வேறு இருக்கிறது. மூன்று வருஷத்திலேயே பேட்டரி தீர்வது நியாயமா? நானே மாற்றலாமா, மாற்றினால் கார் சாவியை மறந்துவிடுமா?

மாற்றலாம். மறக்காது.

மதுரையில் இருபத்திரண்டு வருஷமாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பேட்டரி மாற்றியதால் கோடிங் போன சாவி என்று ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. பேட்டரி மாற்றுகிறேன் என்று நெம்பி உடைத்த சாவி, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைக் கீறிய சாவி, தப்பான செல்லைப் போட்டுச் சுட்ட சாவி, இதெல்லாம் வாரம் ஒன்று வரும். ஆகவே பயப்பட வேண்டிய இடம் வேறு.

கோடிங் என்பது இந்தச் சாவி இந்தக் காருடையது என்று பதிவு செய்வதுதான். அதற்கான சாவியின் அடையாள எண் உள்ளே இருக்கும் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நினைவகத்துக்குக் கரண்ட் தேவையில்லை. பீரோவில் ஐந்து வருஷம் கிடந்த பென் டிரைவைச் சொருகினால் கல்யாண போட்டோ அப்படியே இருக்கிறதல்லவா, அதே கதைதான். பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் கழித்துப் போட்டாலும் எண் அங்கேயே இருக்கும்.

அப்படியென்றால் இந்தக் 'கோடிங் போயிரும்' பேச்சு எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது இது. ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே குறியீட்டை அனுப்பினால், பக்கத்தில் நின்று அதைப் பதிவு செய்பவன் நாளைக்கு நம் காரைத் திறந்துவிடுவான். அதனால் அழுத்த அழுத்தக் குறியீடு மாறிக்கொண்டே போகும்; சாவியும் காரும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கும். இதற்குப் பேர்போன முறை கீலாக். தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் 1980-களில் உருவானது, 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் வாங்கிக்கொண்டது. எல்லாக் கார்களிலும் இதுவே இருக்காது, ஆனால் தத்துவம் ஒன்றுதான். வீட்டுக்குள் குழந்தை ரிமோட்டை வைத்து விளையாடினால் சாவியின் கணக்கு முன்னால் ஓடிவிடும், கார் பின்தங்கி நிற்கும். கீலாக்கில் வழக்கமான ஏற்பாட்டின்படி அடுத்த 16 எண்ணுக்குள் இருந்தால் கார் உடனே ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டியிருந்தால், அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் 'சரி, நீதான்' என்று கணக்கைத் திருத்திக்கொள்ளும். இப்போது யோசித்துப் பாருங்கள். செல் தீர்ந்த ரிமோட்டை மனுஷன் எத்தனை தடவை அழுத்தியிருப்பான்? புது செல் போட்டதும் முதல் அழுத்தலுக்குக் கார் பேசாமல் இருக்கும். "பாத்தீங்களா, கோடிங் போச்சு!" இன்னொரு தரம் அழுத்தினால் திறந்திருக்கும். சில பழைய கார்களில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி லாக் பட்டனை அழுத்தி ஒத்திசைக்க வேண்டி வரும், கையேட்டில் போட்டிருப்பார்கள். அதுவும் வீட்டு வாசலில் முடிகிற வேலைதான்.

இனி செல். உங்களுடையது மாதிரியான ஸ்மார்ட் சாவிகளில், ஹூண்டாய், மாருதி, ஹோண்டா என்று பெரும்பாலும் சிஆர்2032-தான் இருக்கும். போலோவின் மடக்குச் சாவியிலும் அதுவே. ஆனால் நான் சொன்னேன் என்று வாங்காதீர்கள். சாவியைத் திறந்து, பழைய செல்லின் அகன்ற முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். அந்த எண்ணே அளவைச் சொல்லிவிடும்: 20 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் கனம். சி என்பது லித்தியம் வகை, ஆர் என்பது வட்டம். 2025 என்றால் கனம் 2.5, 2016 என்றால் 1.6. மூன்றுமே 3 வோல்ட்.

மூன்றும் 3 வோல்ட் என்பதில்தான் வினை. 2032 கிடைக்கவில்லை என்று 2025-ஐப் போட்டு, ஆடாமல் இருக்கச் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளை மடித்து வைத்துக்கொண்டு வருவார்கள். நான்கு நாள் ஓடும், பிறகு ஒரு ஸ்பீடு பிரேக்கரில் தாள் நகர்ந்து பிளஸ்ஸும் மைனஸும் தொட்டுக்கொள்ளும். இதைவிடப் புத்திசாலித்தனமாகச் செய்கிறவர்களும் உண்டு: 1.6-ஐ இரண்டாக அடுக்கினால் 3.2 ஆகிறதே என்று இரண்டு 2016-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூடிவிடுவார்கள். உயரக் கணக்கு சரி, கச்சிதமாக உட்காரும். வோல்ட் இப்போது ஆறு. அப்படி வந்த ஒரு சாவியைத் திறந்தபோது போர்டின் ஒரு மூலை பழுப்பேறி, பழைய ரேடியோ பெட்டி கருகிய வாசனை அடித்தது. புதுச் சாவி வாங்கிக் கோடிங் போட்ட பிறகுதான் அந்த வண்டி நகர்ந்தது. ரீசார்ஜ் ஆகும் வகையான எல்ஐஆர்2032-ஐயும் தொடாதீர்கள். அளவு அதேதான், முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை நிற்கும்.

பத்துப் பதினைந்து வருஷப் பழைய கார்களில் வெளியில் மாட்டிய சென்ட்ரல் லாக் ரிமோட்டுகள் சிலவற்றில் நாணயம் போன்ற செல்லே இருக்காது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு 23ஏ அல்லது 27ஏ என்ற 12 வோல்ட் பேட்டரி இருக்கும். காலிங் பெல் ரிமோட்டில் வருவது அதுதான்.

வாங்கும்போது அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் மூடிய செல்லாகப் பார்த்து, காலாவதித் தேதி படித்து வாங்குங்கள். டப்பாவில் உதிரியாகக் கொட்டி வைத்திருப்பது வேண்டாம். டப்பாவுக்குள் ஒன்றன்மேல் ஒன்று உரசி, ஒன்றையொன்று ஷார்ட் செய்து, பாதி உயிரோடுதான் இருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், மற்ற ஊர்களில் நல்ல வாட்ச் கடை போதும். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி வாங்கிக்கொண்டு வரலாம்.

திறப்பதுதான் கைவேலை. அவசரப்படாமல் செய்தால் ஐந்து நிமிஷம்.

ஸ்மார்ட் சாவியின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சின்னதாக ஒரு தாழ் இருக்கும். அதை நகர்த்திப் பிடித்தபடி வளையம் மாட்டும் பக்கத்தை இழுத்தால், உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி உருவிக்கொண்டு வரும். அதை மேஜையில் வையுங்கள், அதன் கதை பின்னால் வருகிறது. அது இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மேலோடும் கீழோடும் சேரும் விளிம்பில் ஒரு பள்ளம் தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் வைத்து, சாவியைப் பூட்டில் திருப்புவதுபோல் மெல்லத் திருகுங்கள். நெம்பக் கூடாது, திருக வேண்டும். நெம்பினால் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி உள்ளே போய்ப் போர்டைக் கீறும். என்னிடம் வருகிற 'செத்த' சாவிகளில் பாதி இப்படிச் செத்தவை. திருகினால் முதல் கிளிப் 'டக்' என்று விடும். பிறகு நகத்தை விட்டு விளிம்பைச் சுற்றி வந்தால் மற்றவை ஒவ்வொன்றாக விடும். சில மாடல்களில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டைப் பிய்க்கப் பார்க்காதீர்கள்.

பாத்திரத்திலோ தட்டிலோ வைத்துத் திறப்பது நல்லது. பட்டன்களின் ரப்பர் பாய் தனியாகக் கழன்று விழும், சில நேரம் போர்டும் கூடவே வரும். திறந்த கையோடு போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். செல்லின் பிளஸ் முகம் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பத்து நிமிஷம் கழித்து நினைவில் இருந்து சொல்ல உங்களால் முடியாது, என்னாலும் முடியாது.

செல்லை எடுக்க இரும்பு இடுக்கி வேண்டாம். செல்லின் விளிம்பைச் சுற்றியுள்ள சுவரும் பிளஸ்தான். இடுக்கியின் ஒரு கால் சுவரையும் இன்னொரு கால் அடிப்பக்கத்தையும் தொட்டால் அங்கேயே ஷார்ட். பல் குத்தும் குச்சி, தீக்குச்சி, எது கிடைக்கிறதோ அதை வைத்துத் தூக்குங்கள். கவ்விப் பிடிக்கும் தகடுகளைக் கவனியுங்கள். பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு ஏறியிருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். தகடு தட்டையாகப் படுத்துவிட்டிருந்தால் குச்சியால் இம்மியளவு தூக்கிவிட்டால் போதும். புது செல்லை விளிம்பில் பிடித்துத் துணியால் ஒருமுறை துடைத்து வையுங்கள். விரல் எண்ணெய் படிந்த முகம் நாளாக நாளாகத் தொடர்பைக் கெடுக்கும்.

குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்று இப்போது சில கம்பெனிகள் செல்லின் மேல் கசப்புப் பூச்சு பூசி விற்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பூச்சு சில கருவிகளின் தகட்டோடு ஒத்துப்போவதில்லை. ஆப்பிள் தன் ஏர்டேக்குக்கே இந்த எச்சரிக்கையைக் கொடுத்திருக்கிறது. புது செல் போட்டும் சாவி பேசவில்லை என்றால் இதையும் சந்தேகியுங்கள்.

கசப்பு என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதில் விளையாட்டே இல்லை. கழற்றிய செல்லை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். 20 மில்லிமீட்டர் செல் சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரம் பட்டதும் கரண்ட் ஓடி, மைனஸ் பக்கம் அரிக்கும் காரப்பொருள் (ஆல்கலி) உண்டாகி, இரண்டு மணி நேரத்தில் குழாயை ஆழமாக வேகவைத்துவிடும். கார் சாவிக்குத் 'தீர்ந்துபோன' செல்லிலும் அதற்கு வேண்டிய வோல்ட் இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள், அல்லது எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராக ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழைய செல்லின் இரண்டு முகத்திலும் செல்லோ டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து, மின்குப்பை வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி, மூன்று வருஷம் என்பது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். மிகவும் நியாயம். மடக்குச் சாவி நீங்கள் அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும். ஸ்மார்ட் சாவி அப்படியில்லை, 'கார் என்னைக் கூப்பிடுகிறதா' என்று இருபத்து நான்கு மணி நேரமும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். ஒரு 2032 செல்லில் சுமார் 220 மில்லிஆம்பியர் மணி சரக்கு உண்டு. சாவி சராசரியாக நூறில் ஒரு மில்லிஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை வருஷம். போர்டிகோ சுவரில், காருக்கு இரண்டடி தள்ளி ஆணி அடித்துச் சாவியை மாட்டுகிற வீடுகளில் இன்னும் சீக்கிரம் தீரலாம். காரும் சாவியும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. டிவி, லேப்டாப், போன் சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றின் பக்கத்திலும் வைக்காதீர்கள் என்று டொயோட்டா கையேட்டிலேயே இருக்கிறது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் "2.9 காட்டுதே, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். சும்மா இருக்கும்போது காட்டுவதை நம்பாதீர்கள். லித்தியம் செல் வாழ்நாளில் பெரும்பகுதி மூன்றை ஒட்டியே நிற்கும், கடைசியில்தான் சரியும். அழுத்தும் அந்தக் கணத்தில், சுமை ஏறும்போது எவ்வளவு விழுகிறது என்பதுதான் விஷயம். சும்மா அளந்தாலே புதுசு 3.2 பக்கம் காட்டும், அதிலேயே 2.9-க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். மீட்டர் இல்லாமலும் தெரியும்: முன்பு தெருமுனையில் இருந்து திறந்த கார், இப்போது கதவுக்குப் பக்கத்தில் போனால்தான் திறக்கிறது. டிவி ரிமோட்டைப் பார்ப்பதுபோல் போன் கேமராவில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறவர்கள் உண்டு. இன்றைய கார் சாவி ஒளியை அனுப்புவதில்லை, ரேடியோ அலையை அனுப்புகிறது. நம் ஊரில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். கேமராவில் ஒன்றும் தெரியாது. இரண்டு சாவியும் ஒரே நாளில் படுத்துவிட்டால் சாவியை விடுங்கள், காரின் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள்.

அடுத்து கொடைக்கானல். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். குளிரில் செல்லின் உள்தடை கூடும், வோல்ட் இறங்கும். மதுரை வெயிலில் தட்டுத்தடுமாறி ஓடுகிற செல், அங்கே விடியற்காலையில்தான் கையை விரிக்கும். ஒரு டிசம்பரில் காலை ஆறு மணிக்கு என் வாடிக்கையாளர் ஒருவர் அங்கிருந்து போன் செய்தார். கார் திறக்கவில்லை, குழந்தைக்கான பால் பவுடர் காருக்குள், கண்ணாடியை உடைக்கலாமா என்று கேட்கிறார். "சாவி பக்கவாட்டுல ஒரு தாழ் இருக்கும், அதைத் தள்ளி இழுங்க" என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணே, சாவிக்குள்ள சாவியா!" காரை வாங்கி நான்கு வருஷமாகப் பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

அடுத்த சிக்கல், கதவில் சாவித் துவாரம் எங்கே என்பது. சில கார்களில் டிரைவர் பக்கக் கைப்பிடியின் மூடிக்கு உள்ளே மறைந்திருக்கும், மூடியைக் கழற்ற வேண்டும். திறந்ததும் அலாரம் அலறியது. அது வழக்கம்தான், ரிமோட் இல்லாமல் கதவைத் திறந்தால் கார் திருடன் என்றே நினைக்கும். "பிரேக்கை மிதிங்க, சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சு, சாவியாலயே அழுத்துங்க" என்றேன். ஸ்டார்ட் ஆனது, அலாரமும் அடங்கியது.

செல் செத்த சாவியால் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்றால், உங்கள் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகைப் பாருங்கள். அதற்குள் பேட்டரியா இருக்கிறது? டோல்கேட் அலை கொடுக்கும் சக்தியையே வாங்கிக்கொண்டு எண்ணைச் சொல்லிவிடுகிறது. சாவிக்குள்ளும் அப்படி ஒரு சிப் உண்டு. பக்கத்தில் வைத்தால் காரின் சுருள் கொடுக்கும் சக்தியில் அது பதில் சொல்லும். தூரம்தான் சில சென்டிமீட்டருக்குமேல் எட்டாது. பேட்டரிக்கும் கோடிங்குக்கும் உறவில்லை என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை. பல ஹூண்டாய், மாருதி, டொயோட்டா கார்களில் அந்த இடம் ஸ்டார்ட் பட்டன்தான். வேறு சில கார்களில் கப் வைக்கும் குழியிலோ நடு கன்சோலிலோ சாவிப் படம் போட்ட இடமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வரை தள்ளிப்போடாமல் நாளைக்கே செல் வாங்கிவிடுங்கள். இரண்டாக வாங்குங்கள். பீரோவில் தூங்கும் ஸ்பேர் சாவிக்கும் அதே மூன்று வயதுதான், அதுவும் மூன்று வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பழைய செல்லை எடுத்த பிறகு, புதியதைப் போடுவதற்கு முன், செல் இல்லாத அந்தச் சாவியை மூடி எடுத்துக்கொண்டு காரடிக்குப் போங்கள். மற்ற சாவியை வீட்டின் கடைசி அறையில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பதில் சொல்லிக் கெடுத்துவிடும். இரும்புச் சாவியால் கதவைத் திறங்கள், அலாரம் கத்தட்டும், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாவியைப் பட்டனோடு ஒட்டி ஸ்டார்ட் செய்து பாருங்கள். உங்கள் காரில் துவாரம் எங்கே, ஒட்ட வேண்டிய இடம் எங்கே என்பது கைக்குத் தெரிந்துவிடும். பிறகு வீட்டுக்குள் வந்து புது செல்லைப் போட்டு மூடுங்கள்.